செங்கல் துவட்டும் துணி

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்ன வேலை என்று யாராவது கேட்டால் "செங்கல் வேகவைக்கிறேன்" என்பேன். பொய் இல்லை. உலைகளுக்கு உள்ளே பதிக்கிற ஃபயர் பிரிக்கைத் துண்டு போட்டு, உலர்த்தி, எடை பார்த்து, மணிக்கணக்கில் தண்ணீரில் கொதிக்கவைப்போம். அடர்த்திச் சோதனை அப்படித்தான் தொடங்கும். பருப்பாக இருந்தால் அதற்குள் ஊருக்கே சாம்பார் வைத்திருக்கலாம்.

ஆறிய பிறகு துண்டை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஓர் எடை. வெளியே எடுத்துத் துடைத்து இன்னோர் எடை. அந்தத் துடைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. செங்கல்லின் துளைகள் குடித்த தண்ணீர் உள்ளேயே இருக்க வேண்டும், மேலே ஒட்டியது மட்டும் போக வேண்டும். அதனால் பிழிந்த ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுப்போம். குளித்த பிள்ளைக்குத் தலை துவட்டுவது போல அழுத்தினால் உள்ளே போனதும் வந்துவிடும்.

துணி என்று நான் மரியாதையாகச் சொல்கிறேன். அது எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன பழைய வேட்டிக் கிழிசல். சாம்பல் நிறம், ஊறிய கோணி வாசனை. எனக்கோ அழுக்கைக் கண்டால் ஆகாது. ஒரு சனிக்கிழமை அதைக் கொரட்டூரில் நான் தங்கியிருந்த ஃப்ளாட்டுக்கு எடுத்துப்போய், ஊறவைத்து, அடித்துத் துவைத்து, கடைசி அலசலில் மல்லிகை வாசனை கண்டிஷனர் இரண்டு மூடி ஊற்றினேன். திங்கட்கிழமை வெள்ளை வெளேர் என்று அதை லேபில் தொங்கவிட்டபோது எனக்கு அப்படி ஒரு பெருமை.

வேலை நிரந்தரமாகிற கடிதம் வரப் பத்து நாள்தான் இருந்தது. வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு விருத்தாசலத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்த வாரம் ஆவடிப் பக்கம் சூளை வைத்திருக்கும் ஒருவரின் செங்கல் வந்தது. ஐம்பதைத் தாண்டியவர், தோளில் எப்போதும் ஒரு துண்டு. அவர் கல்லின் அடர்த்தி இரண்டு புள்ளி ஒன்றாவது இருக்க வேண்டும். மயிரிழையில் குறைந்தது.

"இன்னாம்மா சொல்ற? என் கல்லு ஃபெயிலா? லோடு ஏத்தி வண்டி நின்னுகினு கீதும்மா. இன்னொரு வாட்டி பாரு."

இன்னொரு முறை பார்த்தேன். அதேதான் வந்தது.

"தராசு பொய் சொல்லாது அண்ணா" என்றேன். அந்தத் தொனியை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

"சரி, அந்தக் கல்லுத் துண்டுங்களக் குடு. எங்க தப்பு பண்ணேன்னு நானே பாக்கறேன்."

பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்ததைக் கொடுத்தேன். பிரித்தார். மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார்.

"இன்னாம்மா, கல்லு மல்லிப்பூ வாசன அடிக்குது? நான் சூளைல கரியத்தானே போட்டேன்?"

நான் சிரித்துவிட்டேன். பாதியில் சிரிப்பு நின்றுபோனது. ஓடிப்போய் அந்தத் துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உள்ளே இறங்காமல் மணி போல உட்கார்ந்திருந்தது. கண்டிஷனர் மெழுகாகப் படிந்த துணி தண்ணீரைக் குடிக்கவில்லை. கல்லின் மேல் ஒட்டிய ஈரத்தையும் சேர்த்தே நான் எடை போட்டிருக்கிறேன். அந்த ஈரமும் கல்லின் கனஅளவாகக் கணக்கில் சேர்ந்து, அடர்த்தியைக் குறைத்துக் காட்டியிருக்கிறது.

"அண்ணா, உங்க துண்டக் கொடுங்க."

அவர் கேள்வி கேட்காமல் கொடுத்தார். நூறு துவைப்பு கண்ட பருத்தித் துண்டு. வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து வைத்தேன். கற்களை மறுபடி கொதிக்கவைத்து ஆறவிட்டேன். அவர் வாசல் பெஞ்சில் டீயாகக் குடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவர் துண்டால் ஒற்றி எடை பார்த்தால், கல் பாஸ்.

அறிக்கையை மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அந்தத் துணியில வேற யாரு கல்லத் தொடச்ச?"

இரண்டு பேர் கல். இரண்டும் ஃபெயில். இருவரும் சண்டை போடாமல் திரும்பிப் போனவர்கள். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. வந்த வேலை முடிந்தால் கிளம்ப வேண்டியதுதானே? பயமாகவும் இருந்தது. துணியை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் துணியை முகர்ந்தார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அதில் என் பெயர் ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளேயே வைத்து மூடினார்.

"மூணு மாசம் போகட்டும்மா. மொதல்ல அந்த ரெண்டு பார்ட்டிக்கும் போன் போடு. கல்லத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லு."

வெளியே வந்தபோது சூளைக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். துண்டை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீயே வெச்சுக்கம்மா. தொவச்சு மட்டும் வெச்சுடாத."

அவர் வண்டி கிளம்பிய பிறகு அந்தத் துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரே ஒற்றில் ஈரமெல்லாம் போய்விட்டது.