தொளிக்குள் உமாராணி

உமாராணி அக்காவை முதன்முதலில் பார்த்தபோது நான் அவர் வீட்டு டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு பாதங்கள்தான். மெட்டி போட்ட விரல்களில் புழுதி அப்பியிருந்தது.

"டிரைவர் அண்ணனக் கொஞ்சம் வரச் சொல்லுங்கக்கா. வண்டியில ஏதும் கம்ப்ளைண்ட் இருக்கான்னு கேக்கணும்."

"கேளுங்க தம்பி."

"டிரைவர்ட்டதான்க்கா கேக்கணும்."

"டிரைவர்ட்டதான் கேக்கிய. எந்திச்சி வந்து கேட்டா மூஞ்சியும் தெரியும்லா."

எழுந்து வந்தேன். அக்காவுக்கு முப்பது வயது இருக்கும். நைட்டிக்கு மேல் கணவரின் பழைய பட்டாளத்துச் சட்டை. சட்டைப் பையில் டெஸ்டர் ஒன்று குத்தியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.இ. மெக்கானிக்கல். தென்காசியில் ஒரு டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பார்க்கிறேன். ஆயில் மாற்றுகிற வேலைதான் என்றாலும், சர்வீஸ் தாளில் கையெழுத்துப் போடும்போது பி.இ.யை விட்டுவிட மாட்டேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு பெண் டிராக்டர் ஓட்டலாம் என்பது தோன்றவில்லை.

அக்கா கடையநல்லூர்ப் பக்கம் பிறந்தவர். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து பீடி சுற்றியவர். கணவர் தேவா பட்டாளத்தில் நாயக். ஆயிரப்பேரியை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் அவர்களுக்கு மூன்று வயல், எல்லாம் நெல். லீவில் வந்த தேவா டிராக்டரை வாங்கி, இந்தக் கார்ப் பருவத்துக்குத் தானே உழுது நட்டுவிட்டுத்தான் திரும்புவேன் என்று இருந்திருக்கிறார். மே மாதம் எல்லையில் பதற்றம் என்று போன் வந்தது. லீவை முறித்துக்கொண்டு மறுநாளே ரயிலேறிவிட்டார். அதற்குள் அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது காய்ந்த நிலத்தில் புழுதி உழவு மட்டும்தான்.

"இப்ப அண்ணன் எங்கக்கா இருக்காங்க?"

"வடக்க" என்றார். "அதுக்கு மேல எங்களுக்கும் தெரியாது."

அன்று வண்டியைச் சுற்றி வந்தபோது டேஷ்போர்டைப் பார்த்தேன். டீசல் மீட்டர் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் கெட்டியாக அப்பிக் காய்ந்திருந்தது. முள் தெரியவில்லை. துணியை எடுத்துத் துடைக்கப் போனேன்.

"ஏ தம்பி! கைய எடு!" வாசலில் இருந்து ஒரு சத்தம். தேவாவின் அம்மா முப்பிடாதியம்மாள். "எம் புள்ள வண்டியேறுத அன்னைக்கு வச்சது. அவன் வந்துதான் துடைப்பான். வேற ஒரு கை பட்டுச்சு, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

கையை எடுத்துவிட்டேன். அக்கா என் காதருகே வந்து, "விடுங்க தம்பி. எத்தனை மணி நேரம் ஓடுனா எவ்வளவு குடிக்கும்னு எனக்கு ஒரு கணக்கு இருக்கு" என்றார். பிறகு கேட்டார். "மீறித் தீந்துட்டுன்னா? ஊத்துனா ஓடிரும்லா?"

"ஓடாதுக்கா. இது டீசல் எஞ்சின். டேங்க் காலியானா பைப்புக்குள்ள காத்து பூந்திரும். காத்த வெளிய எடுத்தாத்தான் கிளம்பும்."

காட்டச் சொன்னார். காட்டினேன். ஃபில்டர் மேலிருக்கும் நட்டைத் தளர்த்தி, கீழே பம்பின் சின்ன லீவரை அடிக்க அடிக்க நுரையாக டீசல் வரும். நுரை நின்று சுத்தமாக வந்ததும் நட்டை இறுக்க வேண்டும். அடுத்து பம்பிலும் அப்படியே. அவர் என்னை நகரச் சொல்லிவிட்டு ஒருமுறை தானே செய்து பார்த்தார்.

நான் கிளம்பும்போது தேவாவின் அண்ணன் உச்சிமாகாளி வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, பெரிய மீசை, வாய் நிறைய வெற்றிலை. ஊரில் பாதி வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிற மனிதர்.

"என்ன தம்பி, எங்க வீட்டுக் கண்டக்டர் டிரைவர் ஆயிட்டாவளா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "உமா, புழுதியில ஓட்டுதது ரோட்டுல ஓட்டுத மாதிரி. தண்ணி கட்டுன சேத்துல, தொளியில இந்த வேலை ஆகாது. இந்தக் கார்ப் பருவத்துக்கு நீ நட்டுட்டா நான் வாய மூடிக்கிடுதேன். இல்லன்னா சாவியக் குடு, மூணு வயலையும் நான் பாத்துக்கிடுதேன். அம்மாட்டயும் சொல்லிட்டேன்."

"சரித்தான்" என்றார் அக்கா.

அவர் சொன்னது 'சரி, அத்தான்' என்றுதான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு மூன்று வயலும் பணயமாகிவிட்டது. குத்தகைக்காரர் கைக்கு ஒருமுறை போன வயல் திரும்பி வருவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு லேசு என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஜூனில் சாரல் பிடித்தது. குற்றாலத்தில் அருவி கொட்டி, சிற்றாற்றில் தண்ணீர் வந்து, கால்வாய் வழியாகக் குளம் பெருகியது. அந்த ஊரில் ஒவ்வொரு மடைக்கும் முறை வைத்துத்தான் தண்ணீர். தண்ணீர் திறக்கிற வேலை குத்தாலிங்கம் அண்ணாச்சியுடையது. விடிந்ததும் மடையைத் திறப்பார், விளக்கு வைக்கிற நேரத்தில் இறக்கிவிடுவார். அக்காவின் முறை வந்த நாளில் நாற்று ஏற்கனவே முற்ற ஆரம்பித்திருந்தது. அன்று சேற்றுழவு முடியாவிட்டால் அடுத்த முறை சுற்றி வருவதற்குள் நாற்று மாட்டுக்குத்தான் ஆகும்.

அன்று நான் சிவகிரியில் வேறொரு வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு மேல் போன் வந்தது.

"தம்பி, வண்டி நின்னுட்டு."

"எங்கன?"

"பள்ளத்து வயல்ல. நடுவுல. மத்த ரெண்டையும் முடிச்சிட்டேன். இருமுன மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"டீசல் இருக்கா?"

"புழுதிக் கணக்கப் போட்டுட்டேன் தம்பி. தொளியில இவ்வளவு குடிக்கும்னு தெரியல. கேன்ல இருந்தத ஊத்திட்டேன். ஊத்தியும் கிளம்பல."

"செல்ஃப ரொம்ப அடிக்காதிய, பேட்டரி போயிரும். மொதல்ல ஃபில்டர் மேல இருக்க நட்ட..."

"அது ஞாபகம் இருக்கு. அதத்தான் செய்யப் போறேன்." பின்னால் பலர் பேசுவது கேட்டது. "எங்க வீட்டுக்காரவுக போனும் போகமாட்டேங்குது. சுவிட்ச் ஆஃப்னே வருது."

லைன் அறுந்தது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. பிரித்த வண்டியை உடனிருந்தவனிடம் விட்டுவிட்டுப் பைக்கை எடுத்தேன். வாசுதேவநல்லூரிலிருந்தே தூறல். வழி நெடுக மணியைப் பார்ப்பதும் மலையைப் பார்ப்பதுமாக வந்தேன். மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. வெளிச்சம் சீக்கிரமே மங்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் திருவிழாக் கூட்டம். பள்ளத்து வயலின் நடுவில் டிராக்டர் நின்றது. சேற்றுக்காக மாட்டும் கேஜ் வீல், அந்த இரும்புக் கூண்டுச் சக்கரங்கள், பாதிக்கு மேல் புதைந்திருந்தன. அக்கா முழங்கால் தொளியில் நின்று எஞ்சின் மேல் கவிழ்ந்து மறுபடியும் முதலிலிருந்து லீவரை அடித்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை டீசல்.

"என்னமோ காத்த எடுக்காளாம்!" உச்சிமாகாளி வரப்பில் நின்று சொன்னார். "ஊரெல்லாம் வண்டிக்குக் காத்து அடிப்பான். எங்க வீட்டுல வண்டியில இருந்து காத்த எடுக்கா."

கூட்டம் சிரித்தது. முப்பிடாதியம்மாள் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான், நான்தான். அந்த முள்ள நான்தான் மறைச்சேன்."

"ஒங்க குங்குமம் ஒண்ணும் பண்ணல அத்தை" என்று அக்கா நிமிராமலே கத்தினார். "என் கணக்குதான் தப்பு. சும்மா நில்லுங்க."

நான் பேண்ட்டை மடித்துக்கொண்டு வயலில் இறங்கினேன்.

"அங்கனயே நில்லுங்க தம்பி."

"அக்கா, ரெண்டு நிமிசம்..."

"நீங்க வந்து எடுத்தா, ஷோரூம்காரன் வந்து எடுத்தான்னு ஆயிரும். தப்பாச் செஞ்சா மட்டும் சத்தம் குடுங்க."

வரப்பில் ஏறி நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபில்டரில் நுரை நின்றது. நட்டை இறுக்கினார். பம்பில் நட்டைத் தளர்த்தினார். அது கை நழுவித் தொளிக்குள் விழுந்தது. கூட்டத்தின் சத்தம் அடங்கியது. அக்கா குனிந்து கை நுழைத்துத் துழாவினார். சேறு, மறுபடி சேறு. சக்கரத்தின் ஓரத்திலிருந்து எதையோ எடுத்து, பட்டாளத்துச் சட்டையில் துடைத்து, வாயால் ஊதிப் பார்த்தார். நட்டுதான்.

எல்லாம் இறுக்கி ஏறி உட்கார்ந்து செல்ஃப் அடித்தார். பேட்டரி முனகியது. இரண்டாவது முறை இன்னும் மெல்லமாக முனகியது. மூன்றாவதில் ஒரு கரும்புகை, ஒரு உதறல், எஞ்சின் பிடித்துக்கொண்டது.

குத்தாலிங்கம் அண்ணாச்சி மடைப்பக்கமிருந்து கூவினார். "தாயி, பொழுது போகுது! நேரமாச்சுன்னா நான் இறக்கிருவேன், எங்கிட்ட வருத்தப்படக்கூடாது!"

அக்கா கியரைப் போட்டு கிளச்சை விட்டார். நின்ற இடத்திலேயே வெகுநேரம் நின்றதால் சக்கரம் சேற்றில் கடித்துக்கொண்டிருந்தது. சுற்றவில்லை. சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் மூக்கு எழும்பியது. முன்சக்கரங்கள் இரண்டும் தொளியை விட்டு அந்தரத்தில் தொங்கின. முப்பிடாதியம்மாள் அலறியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. அக்கா கிளச்சை மிதித்தார். முன்பாகம் தொப்பென்று விழுந்து சேறு வரப்பு வரை தெறித்தது.

"ஏலே, அந்தத் தென்னங்கட்டையத் தூக்குங்கலே!" உச்சிமாகாளி இரண்டு பேரோடு இறங்கிவிட்டார். "பின்சக்கரத்துல குறுக்க வச்சுக் கட்டு. மாட்டுன வண்டி தானா ஏறிரும். எத்தனை வண்டி எடுத்திருக்கேன்."

எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். எடுத்துமிருப்பார். ஆனால் கட்டை தடுத்து, சக்கரம் சுற்ற வழியில்லை என்றால், எஞ்சினின் வேகம் முழுக்க வண்டியையே பின்பக்கமாகக் கவிழ்த்துவிடும். ஓட்டுகிறவர் அடியில் போய்விடுவார். "கட்டையக் கட்டாதிய அண்ணாச்சி!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்டது?

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. "வேண்டாம் அத்தான். அவுக அத மட்டும் செய்யாதன்னு சொல்லிட்டுப் போயிருக்காவ."

"அவன் அங்கன இருக்கான். வயலு இங்கன இருக்கு. நீ கிளச்ச மட்டும் விடு, மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"கட்டையோட கிட்ட வந்தியன்னா எஞ்சின ஆஃப் பண்ணிருவேன்."

அக்காவின் கை எஞ்சினை நிறுத்தும் குமிழைப் பிடித்திருந்தது. அந்தப் பேட்டரியில் இனியொரு முறை கிளம்பாது என்று அங்கே எனக்கும் அவருக்கும் தெரியும். நிறுத்தினால் பருவம் போய்விடும், வயலும் கை மாறிவிடும். உச்சிமாகாளி கட்டையோடு நின்று அந்தக் கையையே பார்த்தார். பிறகு காறித் துப்பிவிட்டுக் கட்டையைத் தொளியில் போட்டார்.

"அப்ப என்னதான் செய்யப் போற?"

"வந்த வழியே பின்னால போறேன். பின்னால போனா மூக்கு தூக்காது. சக்கரத்துக்குப் பின்னால எதையாச்சும் போடச் சொல்லுங்க."

வரப்பில் உரத்துக்காக அறுத்துப் போட்ட கொளுஞ்சிச் செடிக் கட்டுகள் கிடந்தன. உச்சிமாகாளிதான் முதலில் ஒரு கொளுஞ்சிக் கட்டு தூக்கினார். "ரெண்டு பக்கமும் சமமாப் போடுங்கலே, ஒரு பக்கம் சாஞ்சிரும்!" சக்கரத்துக்கு அடியில் திணித்துவிட்டு எல்லாரும் விலகினார்கள். அக்கா வண்டிக்குப் பின்னால் சேறடிக்கும் ரொட்டவேட்டரை உயர்த்தினார். ரிவர்ஸ் கியர். கிளச்சை விட்டாரா என்றுகூடத் தெரியாத அளவுக்கு மெல்ல விட்டார். சக்கரம் கூண்டின் ஒரு கம்பி அளவு நகர்ந்து வழுக்கியது. மிதித்தார். மறுபடி விட்டார். கொளுஞ்சி நசுங்கிக் கறுப்பாகச் சாறு தள்ளியது. கூண்டுச் சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு, ஒரு கம்பி, இன்னொரு கம்பி என்று ஏறி, வண்டி பின்னோக்கி ஊர்ந்து வரப்போரம் வந்தது.

யாரும் கைதட்டவில்லை. நேரமில்லை. ஆழமான நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி அடித்தார். குத்தாலிங்கம் அண்ணாச்சி சொன்னபடி மடையை இறக்கிவிட்டார். தேங்கிய தண்ணீரை வைத்தே அக்கா மிச்சத்தை முடித்தார். வண்டி புதைந்த இடம் மட்டும் பாய் அளவுக்கு நின்றுபோனது. அதை மறுநாள் மண்வெட்டியால் கொத்திக்கொண்டார்கள். நடவும் முடிந்தது.

வண்டியை விட்டு இறங்கியதும் அக்கா வாய்க்காலோரம் போய் வாந்தியெடுத்தார். வாயைக் கழுவிவிட்டு என்னிடம் வந்து, "வீட்டுக்கு வாங்க தம்பி, சாப்பிடாமத்தான வந்திருப்பிய" என்றார். அன்று அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

கார் அறுப்பு முடிந்தது. பள்ளத்து வயலில் மற்ற இரண்டையும்விட விளைச்சல் குறைவு. தென்காசியில் டிராக்டர் லைசென்ஸ் டெஸ்ட்டில் அக்கா பாஸாகிவிட்டார். உச்சிமாகாளி சொன்னபடி வாயை மூடிக்கொண்டார், ஆனால் தன் வயலுக்கு அக்காவைக் கூப்பிடாமல் இன்னும் ஆலங்குளத்திலிருந்துதான் வாடகை வண்டி கூப்பிடுகிறார். அடுத்த பருவமான பிசான நடவும் ஆகிவிட்டது. தேவா வாரம் ஒருமுறை பேசுகிறார். லீவு கிடைக்கவில்லை, வடக்கில்தான் இருக்கிறார். மூன்று வயலையும் உமாராணி அக்காதான் செய்கிறார்.