பிடியரிசியும் சனிக்கிழமை வகுப்பும்

கர்த்தரை நம்பும் சகோதர சகோதரிகளே, என் மகள் எஸ்தரை போலீஸ் பிடித்துக்கொண்டு போன நாளைப் பற்றி எழுதுகிறேன். இன்றைக்கு நினைத்தாலும் கை நடுங்குகிறது.

மலாயாவில் அவசரகாலம் கடுமையாக இருந்த ஐம்பதுகளின் தொடக்கம். புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. சாயங்காலம் ஆனதும் கேட்டை மூடிவிடுவார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக்கூடாது என்று, ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே கொண்டுபோகத் தடை. மீறினால் சிறை. அக்கம்பக்கத்தில் பிடிபட்டுப் போனவர்கள் பலர் திரும்பவில்லை.

எஸ்தருக்கு அப்போது பதினாறு வயது. ஜப்பான்காரன் காலத்தில் படிப்பு நின்றுபோனதால் இன்னும் ஏழாம் வகுப்பில்தான் இருந்தாள். இப்படி வயது கூடிய பிள்ளைகளில் நன்றாகப் படிக்கிறவர்களை, பள்ளி முடிக்கும் முன்பே கோலசிலாங்கூரில் நடக்கும் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் சனிக்கிழமைகளில் உட்கார வைத்தார்கள். அங்கே தேறிய பாடங்களைப் பிறகு பயிற்சியில் சேரும்போது கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். போன வருடங்களைக் கர்த்தர் திருப்பித் தருகிறார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிப்பானையில் போடுவோம். அது கோயிலுக்குப் போய், ஏழைகளுக்குச் சேரும். ஊரடங்கு வந்தபின் அதை வாங்கிப்போக யாரும் வரவில்லை. பானை நிறைந்துவிட்டது. நான் பால் வெட்டப் போயிருந்த நேரம், என் மனைவி ஞானம்மாள் அதைத் துணியில் முடிந்து மகளின் புத்தகப் பைக்குள் வைத்து, கோயிலில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போகச் சொல்லியிருக்கிறாள். தடை அவளுக்குத் தெரியாமல் இல்லை. "அது நம்ம அரிசியா? ஆண்டவரோட அரிசிதானே" என்று பின்னால் என்னிடம் அழுதாள். கேட் காவற்காரரும், "வாத்தியாரம்மா வந்தாச்சு, வழி விடுங்கலா" என்று சிரித்துக்கொண்டே பையைப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

ரோட்டுத் தடுப்பில் பையைத் திறந்தார்கள்.

நான் பால் நிறுத்துக்கொண்டிருந்தபோது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "என்னய்யா, ஒம் மவ படிக்கப் போனாளா, காட்டுக்காரனுக்குச் சோறு போடப் போனாளா? ஸ்டேசன்ல குந்த வச்சிருக்கான் போ!"

வாளியை அங்கேயே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். வழி முழுதும் ஜெபிக்கப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, பிள்ளை... ஆண்டவரே, பிள்ளை..." அவ்வளவுதான். அவளைத் திருப்பிக் கொடுத்தால் இனி வேலியைத் தாண்டி அனுப்பமாட்டேன் என்று மனதுக்குள் முடிவுகட்டினேன்.

ஸ்டேசன் வாசலில் ஒரு லோரி உறுமிக்கொண்டு நின்றது. பிடித்தவர்களைக் கிள்ளானுக்குக் கொண்டுபோகத்தான் என்றார்கள். எஸ்தர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. என்னைக் கண்டதும், "அப்பா, நான் பொய் சொல்றேங்கிறாங்கப்பா" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அவளுடைய பள்ளி அட்டையைத் தட்டிக் காட்டினார். "இவள் மாணவி. வாத்தியார் வகுப்புக்குப் போகிறேன் என்கிறாள். மாணவிக்கு எதற்கு வாத்தியார் வகுப்பு? அரிசி யாருக்கு?" என்று மலாயில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த மலாயில், அது கடவுளுடைய அரிசி என்றேன். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். "உன் கடவுளுக்கு ரேசன் கார்டு இல்லையா?" என்றான் ஒருவன். என் உயிர் போய்விட்டது.

வயதான மலாய்க் கோப்ரல் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் எப்படி எடுத்து வைப்பீர்கள் என்று கேட்டார். கையால் அள்ளிக் காட்டினேன். அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "துவான், நோன்பு முடியும்போது எங்கள் வீட்டிலும் ஏழைக்கு அரிசி அளக்கிறோம், ஃபித்ரா என்று. இது அந்த மாதிரிதான். வகுப்பு பக்கத்தில்தானே, ஆள் அனுப்பிக் கேட்கலாமே."

ஆள் போனான். லோரியின் எஞ்சின் நிற்கவே இல்லை, உறுமிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் எனக்கு ஜெபம் வாய்விட்டு வந்தது.

வகுப்பு மாஸ்டர் சாக்பீஸ் தூள் ஒட்டிய கையோடு ஓடிவந்தார். இது என் மாணவிதான், பள்ளியும் படிக்கிறாள், இங்கேயும் படிக்கிறாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு அரிசியை எடுத்துக்கொண்டு, "இன்னொரு தடவை கண்டால் விடமாட்டேன்" என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து சைக்கிளை நோக்கி இழுத்தேன். அவள் நகரவில்லை.

"அப்பா, மத்தியானப் பாடம் பாக்கி இருக்குப்பா. போகட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லச் சொன்னது பயம். ஆனால் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவர், வீட்டில் பூட்டி வைக்கவா கொடுத்தார்? "போம்மா" என்றேன். வகுப்பு முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே நின்றேன். கேட் மூடுவதற்குள் இருவரும் வீடு சேர்ந்தோம்.

இப்போதும் ஞானம்மாள் ஒரு பிடி எடுத்து வைக்கிறாள். வெளியே போவதில்லை. வேலிக்குள்ளேயே நோயாளி வீட்டுக்குக் கஞ்சியாகப் போகிறது. கோப்ரலுக்காகவும் தினம் ஜெபிக்கிறோம். எஸ்தர் பயிற்சி முடித்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள்.

என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அவள் வெளியே போகும் ஒவ்வொரு காலையும் கேட் வரை கூடவே போகிறேன். பயந்தபடியே ஜெபித்து அனுப்புகிறேன். பிள்ளையைப் பெற்றவர்களே, பயம் தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கும் கையையே அவரிடம் நீட்டுங்கள். அவர் பிடித்துக்கொள்வார்.