இறக்கை இடுக்கை மூடாமல் வைத்த கதை

பட்டி பூசிப் பிழைப்பவனுக்கு ஒரே விதிதான்: எதையும் மூடுவதற்கு முன் உள்ளே வேலை முடிந்ததா என்று பார். சுவரைப் பூசிய பிறகு வயர் இழுக்க மறந்தது ஞாபகம் வந்து திரும்ப உடைத்தவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இலங்கை மலையகத்து டிக்கோயாவில் எனக்கு ஃபைபர் பட்டறை. ஆட்டோ பம்பர், வேன் கதவு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் ஒட்டுவேன். விமானம் ஒட்டுவேன் என்று போர்டில் எழுதவில்லை. ஆனாலும் வந்து சேர்ந்தது.

வாயைக் கொடுத்தேன்

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து பேக்டரியை நடத்தி ஓய்வு பெற்றவர் டீமேக்கர் ஐயா. விமானம் ஓட்டும் லைசன்ஸ் எப்போதோ எடுத்துவிட்டார். ரெண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைப் பெட்டி பெட்டியாகத் தருவித்து, மூடிக் கிடந்த அதே பேக்டரியில் வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தார். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். காற்று புகாமல் அதை மூட ஒரு ஃபைபர் பட்டை வேண்டும். நாங்கள் அதற்கு இடுக்கு மூடி என்று பேர் வைத்தோம். அது என் வேலை.

பக்கத்து சீட்டில் உட்கார அவர் மனைவி மறுத்துவிட்டார். ஐயாவின் முகம் வாடிப்போனது. நானோ பஸ் ஜன்னலில் பள்ளம் தெரிந்தாலே உள்பக்க சீட்டுக்கு மாறிவிடுகிற ஆள். ஆனால் வால் பகுதிக்கே நாலு வருஷம் எடுத்த மனுஷன் எங்கே முடிக்கப் போகிறார் என்ற தைரியத்தில், கடைசி வேலையான இடுக்கு மூடி மாட்டுகிற அன்றைக்கு நானே உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐயா உடனே நோட்டை எடுத்தார். “எத்தன கிலோ இருப்பீங்க ராஜு? எழுதிக்கணும்.”

பூனை காப்பாற்றியது

ஆறே மாதத்தில் இறக்கை ரெண்டும் ஏறிவிட்டன. மூடியை மாட்டினால் நான் ஏற வேண்டும்; ஆகவே மாட்டக்கூடாது. எப்படியும் ஓடுதளத்துக்கு லாரியில் ஏற்ற இறக்கையைக் கழற்றத்தானே வேண்டும், இப்போது எதற்கு மூடி என்றேன். அளவாவது எடுங்கள் என்றார் ஐயா. டேப்போடு போனால் இடதுபக்க இடுக்கில் பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. குட்டிகள் பால் மறக்கும் வரை யாரும் தொடக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். பேக்டரி வாச்சர் மாரிமுத்து அண்ணன் பூனையை அல்ல, என்னைத்தான் பார்த்தார். “அது குட்டி போட்டதுல அதோட புருசனவிட ஒங்களுக்குத்தான் சந்தோசம்.”

நல்ல பேர்

கொழும்பிலிருந்து ஆய்வாளர் வந்தார். இடுக்கு வழியே டார்ச் அடித்து, இறக்கையைத் தாங்கும் போல்ட் ஒவ்வொன்றையும் பார்த்தார். நிறைய பேர் அவசரப்பட்டு மூடிவிடுகிறார்கள், இங்கே வேலை தெரிந்த ஆள் இருக்கிறார் என்று சிங்களத்தில் பாராட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஐயா பெருமை தாங்காமல் அதை என் வீட்டுக்கே வந்து சொன்னார். அவர் போனதும் என் மனைவி கேட்டாள்: “பம்பர ஒரே நாள்ல ஒட்டுற ஆளு, இதுக்கு மட்டும் ஏன் இம்புட்டு நாளு?”

மழை

அடுத்து வர்ணம். வர்ணம் காயாமல் மூடி மாட்டினால் விளிம்பு உரியும், இது உண்மை. மழையில் எதுவும் காயாது, இதுவும் உண்மை. எங்கள் பக்கம் மழைக்கா பஞ்சம்? ஐயாவையும் கூட்டிக்கொண்டு, ஹட்டனில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவரிடம் போய், ரெண்டு மாதமாகக் காயவில்லை என்று ஐயாவின் காதில் விழும்படி குறைப்பட்டேன். நானா நிதானமாகச் சொன்னார்: “பெயிண்ட் தகரத்தத் தொறந்தாத்தானே தம்பி காயும்.”

கீழே

ஒருவழியாக வர்ணம் காய்ந்து, இறக்கையைக் கழற்றி, லாரியில் தாழ்நாட்டு ஓடுதளத்துக்குக் கொண்டுபோய்த் திரும்ப மாட்டினோம். மூடிகள் தயாராக என் சாக்கில் இருந்தன. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்: முதலில் மூடாமலே பறந்து பாருங்கள், ஒவ்வொரு தடவையும் போல்ட்டைப் பார்க்க வேண்டும். ஆய்வாளரும் அதுவே சரி என்றார். சோதனை முடியும்வரை ஒருவர்தான் ஏறலாம் என்பதால் ஐயா வாரக்கணக்கில் தனியாகப் பறந்தார். இறங்கும்போதெல்லாம் நான் டார்ச் அடித்துப் பார்த்து, இன்னும் ஒரு தடவை என்றேன். ஒவ்வொரு முறையும் அவர் பக்கத்து சீட்டைத் துடைத்து வைப்பதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பயம் பெரிது.

ரெண்டு பேர் போகலாம் என்று ஆய்வாளரிடமிருந்து கடிதம் வந்த அன்று ஐயா கதவைத் திறந்து வைத்தார். இன்னும் மூடி மாட்டவில்லையே என்றேன். மூடி இல்லாமலே இத்தனை நாள் பறந்தாயிற்றே, அதற்கும் நீங்கள் உட்காருவதற்கும் என்ன சம்பந்தம் என்றார். நான் சொல்லிக்கொடுத்த நியாயம்தான். ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். இடுக்கு வழியே காற்று விசிலடித்தது. ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தபோது ஐயா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். வந்தது நல்லதுதான் என்று உண்மையிலேயே நினைத்தேன்.

இறங்கியதும் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். இப்போதே மூடிவிடுவோம், இனி நான் ஏற வேண்டிய அவசியமில்லை என்றேன். ஐயா என் கையைப் பிடித்தார். “அவசரப்படாதீங்க ராஜு. ரெண்டு பேரு எடைக்கு போல்ட் எப்படி நிக்குதுன்னு இன்னும் நாலு தடவ பாத்துருவோம்.”

ஆகவே கட்சிக்காரர்களே, இறக்கை ஏறி, ஆய்வாளர் பார்த்து, வர்ணம் காய்ந்து, பறந்து இறங்கிய பிறகே இடுக்கு மூடியை மாட்டுங்கள். அதற்குள் பக்கத்து சீட்டுக்கு வேறு ஆள் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.