கையில் இல்லாத பட்டை

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. தேவசேனா கூறியதை, கூறிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

கொடைக்கானலில் முகைதீன் பாயின் வாடகை வேன் அலுவலகத்தில், கணினித் திரையைக் கவனிப்பது அவள் வேலை. மலைப்பாதையில் ஓர் ஓட்டுநர் மயங்கி வண்டியைச் சுவரில் மோதியதிலிருந்து, ஓட்டுநர்கள் அனைவரின் மணிக்கட்டிலும் பாய் ஒரு பட்டையை மாட்டியிருந்தார். நாடித்துடிப்பையும் மனப்பதற்றத்தையும் அது இடைவிடாமல் திரைக்கு அனுப்பும். பதற்றம் மிகுந்தால் திரையில் அவரவர் கோடு சிவக்கும். அவள் கணவன் கந்தவேலுக்கு ஏற்கெனவே இரண்டு முறை சிவந்துவிட்டது. மறுபடியும் சிவந்தால் வண்டிச் சாவியை வாங்கிவிடுவதாகப் பாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நண்பகலிலேயே மூடுபனி கண்ணாடியில் அப்பிக் கிடந்தது.

கந்தவேலின் கோடு திடீரென்று சிவந்தது. தேவசேனா உடனே அவனைப் போனில் அழைத்தாள்.

"ஏங்க, வண்டிய ஓரங்கட்டுங்க!"

"பெரியகுளத்துல சோறு தின்னுக்கிட்டு இருக்கேன் புள்ள. வண்டி ஓரமாத்தான் கெடக்கு."

"வெளையாடாதீங்க. இங்க செவந்து கெடக்கு."

"பேண்டு என் கையிலயே இல்லையே. பழனிக்குக் காப்புக் கட்டியிருக்கேன், தோல் வாரு ஆகாதுல்ல? சாமி படம் இருக்குற வண்டியில வைக்கவும் மனசு வரல. காலையில அடுக்கம் வளைவுல தடுப்புக் கம்பியில மாட்டிட்டு எறங்கிட்டேன்."

தேவசேனா திரையை நெருங்கிப் பார்த்தாள். தோலில் படாவிட்டால் கோடு வெறுமையாகிவிடும். இதுவோ துடித்தது...

உயிருக்குப் பயந்து ஓடுகிறவரின் துடிப்பு.

"வெரசா போயி எடுங்க. பாய் வர்றதுக்குள்ள இது அடங்கணும்."

போனை அணைக்காமலே அவன் மலையேறினான். அவன் நெருங்க நெருங்க, கோடு தணிந்தது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு யாரோ ஆறுதலடைந்ததுபோல்...

என்ஜின் நின்றது.

கதவு. காலடிகள்.

"இருக்கா?"

"கம்பியில இல்ல... கீழ, புல்லுல. வாரு பூட்டியிருக்கு..."

மூச்சிரைத்தது.

"சூடா இருக்கு புள்ள."

அவன் எடுத்த கணத்திலேயே கோடு வெறுமையானது.

திரும்பி வந்த பாய், சிவப்பைப் பார்த்தார். நடந்ததைத் தேவசேனா கூறினாள்.

"அவன் கையில இல்லையின்னா யாரு கையிலம்மா இருந்துச்சு? கம்பிக்கு ஸ்ட்ரெஸ்ஸா?"

கந்தவேல் வந்ததும் சாவியை வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் அந்த வளைவுக்கு நேர்கீழே, பள்ளத்தில், பள்ளங்கி கிராமத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் உடலைப் போலீசார் கண்டெடுத்தனர். அவ்வழியே வண்டி விடுபவர் என்பதால் பாயையும் விசாரித்தனர். அன்று மாலை அவரே தேவசேனாவின் வீட்டுக்கு வந்தார். சாவியை நீட்டினார்.

"போட்டோ காட்டுனாங்கம்மா. அந்தப் பொண்ணு மணிக்கட்டுல... வாரு அழுத்துன தடம்."

"என்னிக்குச் செத்துச்சாம் பாய்?"



"செவ்வாக்கிழமயாம். நம்ம கோடு செவக்குறதுக்கு மூணு நாளு முந்தி."