முந்தானை டோலி

என் அம்மா ஆள் தூக்கிப் பிழைத்தாள். இதை வெளியே சொல்லக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அடிவாரத்தில் நின்றவர்களின் சிரிப்பைப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன்.

கொல்லிமலைக்கு ரோடு வராத காலம் அது. மேலே வர வேண்டியவர்கள் நடக்க வேண்டும், முடியாதவர்கள் டோலியில் ஏற வேண்டும். டோலி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முற்றிய மூங்கில் ஒன்று, அதில் தொட்டில்போலத் தொங்கும் கெட்டித் துணி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்க, தோள் மாற்றுவதற்கு இன்னும் இரண்டு பேர் கூடவே வருவார்கள். கோயிலுக்கு வருகிறவர்கள், காட்டிலாகா துரைமார், மிளகு வாங்க வரும் வியாபாரிகள் எல்லோரும் இப்படித்தான் மேலே வந்தார்கள்.

அப்பாவும் டோலி தூக்கியவர்தான். ஒரு மழைநாளில் பாசிப்பாறையில் வழுக்கி விழுந்தார். டோலியில் இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்பாவின் தோளெலும்பு போய்விட்டது. கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியதே தவிர பாரம் தாங்கவில்லை. வீட்டில் இருந்தது ஒரு துண்டு சாமைக்காடு. அம்மா கொஞ்ச நாள் யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காலையில் மூலையில் சாத்தியிருந்த மூங்கிலை எடுத்துத் துடைத்தாள். விதவையாக எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஒன்றும் கேட்காமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அத்தைக்குத் தெரிந்த அக்கா தங்கை இரண்டு பேரும் சேர, நாலு பேர் ஆனார்கள்.

முதலில் யாரும் ஏறவில்லை. அடிவாரத்தில் வேறு இரண்டு கூட்டத்தார் டோலி வைத்திருந்தார்கள், எல்லோரும் திடகாத்திரமான ஆண்கள். ஒரு கூட்டம் வெயில் ஏறுமுன் மேலே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லும். இன்னொன்று மூங்கிலில் சிவப்புத் துணி சுற்றிச் சலங்கை கட்டியிருந்தது. அவர்களுக்கு நடுவில் நாலு பெண்கள் ஒரு பழைய மூங்கிலோடு நின்றால் யார் நம்பித் தன் உடம்பைக் கொடுப்பார்கள்?

அம்மா நின்ற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆண்கள் தூக்கும் டோலியில் பெண்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறுகிறார்கள். வழியில் ஒதுங்க வேண்டி வந்துவிடுமோ என்று தண்ணீர் குடிப்பதில்லை. கைக்குழந்தை கத்தினாலும் மாரைக் கொடுப்பதில்லை. அம்மா தன் பழைய சேலை ஒன்றைக் கிழித்து டோலிக்குத் திரை தைத்தாள். புதர் மறைவும் ஊற்றுத் தண்ணீரும் உள்ள இடங்களாகப் பார்த்து, ஏறியவர் கேட்காமலே டோலியை இறக்கி, நால்வரும் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். தொழிலில் அவள் செய்த புதுமை இவ்வளவுதான்.

அதைப் பெண்களிடம் போய்ச் சொல்லும் வேலை என்னுடையது. பாவாடை கட்டிய சிறுமி வண்டிக்குள் தலையை நீட்டினால் யாரும் விரட்ட மாட்டார்கள். “பொம்பளைங்களுக்குப் பொம்பளைங்களே தூக்குற டோலி இருக்குதுங்க” என்று நான் சொல்ல வேண்டும். பாதியை விழுங்கிவிட்டு நகர்ந்துவிடுவேன். முந்தானையைச் சுருட்டித் தோளில் சும்மாடாக வைத்துத் தூக்கியதால், மற்ற கூட்டத்தார் எங்களுக்கு ‘முந்தானை டோலி’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லியே பெண்கள் கேட்டு வர ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. எனக்கோ அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் உடம்பு கூசும். சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு, வேர்வை வழிய, ஆண்களைப்போல மூச்சுவிட்டபடி ஏறும் அம்மாவை எனக்குத் தெரியாதவள்போல, பத்தடி தள்ளியே நடந்து பழகினேன்.

என் அக்காவுக்கு வரன் வந்தது இந்தச் சமயத்தில்தான். எங்கள் மலையிலிருந்தே இறங்கிப்போய் அடிவாரத்தில் காடு வாங்கி உழுத குடும்பம். பேச்சை எடுத்தது பெரியப்பா. எங்கள் வீட்டை மிளகும் பலாவும் விளையும் வீடு என்று அவர்களிடம் சொன்னவர், டோலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கல்யாணம் முடியும்வரை அந்தப் பக்கம் போகாதே என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த மாதம் வருவதாகத்தான் பேச்சு. அதற்குள் கோயில் கூட்டம் வந்துவிட்டது. அம்மா போகாமல் இருக்கவில்லை.

அன்று அடிவாரத்தில் ஒரு அம்மாள் வண்டியிலிருந்து இறங்கினார். மாடு முட்டியதில் ஒரு கால் வளைந்துபோனவர். கூட அவருடைய தம்பி, கையில் வெற்றிலையும் பழமும் வைத்த கூடை. சலங்கை கட்டிய டோலிக்காரர்கள் சூழ்ந்துகொண்டதும் அந்த அம்மாள் பின்வாங்கினார். முந்தானை டோலி என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அது எங்கே என்று கேட்டார். தம்பி முகம் சுளித்தபடி, யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு பெயரைச் சொன்னார். அது எங்கள் பெரியப்பாவின் பெயர். பெரியப்பாவின் தம்பி வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, பெண் பார்க்கப் போகிறார்களாம்; வந்திருப்பது மாப்பிள்ளையின் அம்மாவும் மாமாவும். கோயிலுக்கு வந்த சாக்கில் சொல்லாமல் போய்ப் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார்கள்.

அம்மா ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அத்தை அவள் இடுப்பைக் கிள்ளி, சொல்லித் தொலைத்துவிடு, இல்லாவிட்டால் போய்விடலாம் என்று முணுமுணுத்தாள்.

“இப்பச் சொன்னா இந்த அம்மா எப்படி மேல வருவா? அவனுங்க தோள்ல ஏறுவாளா?” என்றாள் அம்மா. தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு மூங்கிலுக்கு அடியில் குனிந்தாள்.

தம்பி வேகமாக முன்னே நடந்துவிட்டார். கூடை என் தலைக்கு வந்தது. அந்த அம்மாளுக்குப் பேச்சு பிடிக்கும். திரைக்குள்ளிருந்து காடு, மழை, குரங்கு என்று எல்லாவற்றையும் விசாரித்தார். ஊற்றுக்குப் பக்கத்தில் இறக்கி, நால்வரும் திரும்பி உட்கார்ந்தபோது, இதற்காகவே உங்கள் டோலியில் ஏறலாம் என்று சொல்லிச் சிரித்தார். மறுபடி ஏறியதும் கேட்டார்:

“ஏனுங்க, நீங்க அந்தப் பக்கத்து ஆளுகதானே? அந்த ஊட்டுப் பொண்ணு எப்படீங்க?”

“பொண்ணுக்கு ஒரு குறையுமில்லீங்க. களைவெட்டுல எறங்குனா எல்லாருக்கும் முந்தி வரப்புக்குப் போயிருவா.”

“அம்மாக்காரி?”

அம்மா மூங்கிலைத் தோளில் ஒருமுறை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

“அவளப் பத்தி நான் என்னங்க சொல்ல? ஊட்டுக்காரருக்கு ஒடம்புக்கு ஆகல. குடும்பத்த அவதான் பாக்குறா.”

பின்முனையைத் தூக்கி வந்த அத்தைக்கு இருமல் வந்துவிட்டது. இன்னொரு கேள்வி வருவதற்குள், கூடையைத் தோள் மாற்ற வந்த அக்கா தங்கையில் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுக் குறுக்குவழியில் ஓடினேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். அக்கா தலையைக்கூட வாராமல் அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு மட்டும் ஒரு யோசனை இருந்தது. பெட்டியிலிருந்து அம்மாவின் ஒரே நல்ல சேலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம், பாதையும் வாசலும் தெரியும் பலா மரத்தடியில் போய் நின்றேன். டோலியை ஊர் எல்லையில் மற்றவர்களிடம் விட்டுவிட்டு அம்மா சுற்றிவர வேண்டும், சேலையை மாற்றிக்கொண்டு உள்ளேயிருந்து வீட்டுக்காரியாக வெளியே வர வேண்டும்.

டோலி தெரிந்ததும் சேலையைத் தூக்கி ஆட்டினேன். அம்மா பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு நேராக வாசலுக்கு நடந்தாள். டோலியை மெதுவாக இறக்கி, முந்தானையை உதறி முகத்தைத் துடைத்தாள்.

“வாங்க. இதுதானுங்க எங்க ஊடு. நாந்தானுங்க அந்தப் பொண்ணுக்கு அம்மா.”

அந்த அம்மாள் டோலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மூங்கில் அழுத்திச் சிவந்திருந்த அம்மாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் எல்லையில் காத்திருந்து டோலியோடு வந்த அவருடைய தம்பி வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அப்பா கூப்பிட்டும் உட்காரவில்லை, தண்ணீரும் வாங்கவில்லை. கடைசியில் அந்த அம்மாள் அப்பாவின் நல்ல கையைப் பிடித்து எழுந்து உள்ளே வந்தார். அவித்த மரவள்ளிக் கிழங்கில் ஒரு துண்டு தின்றார். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அம்மாவும் அத்தையும் மூங்கிலை எடுத்தார்கள்.

“வேண்டாமுங்க. நான் நடந்தே எறங்கிக்கிறேன்.”

“அந்தக் காலோடயா? எறக்கம் மோசமுங்க.”

“உங்க தோள்ல இன்னொருக்கா ஏற முடியாதுங்க” என்றார் அந்த அம்மாள்.

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, வளைந்த காலை இழுத்து இழுத்து அவர் இறங்கினார். அம்மா தொழுவம் வரைக்கும் கூடவே போய், அவர் மரங்களுக்குள் மறையும்வரை நின்றாள். நான் சேலையோடு பலா மரத்தடியிலேயே நின்றேன். எங்கள் டோலியில் உட்காரக்கூட அவருக்கு அருவருப்பாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அம்மாவின் பக்கத்தில் போய் நிற்க எனக்குத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் அக்காதான் அம்மாவின் தோளுக்கு எண்ணெய் தடவினாள்.

மறுநாள் பெரியப்பா வந்து கத்திவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வரவே இல்லை. அந்தத் தம்பிதான் வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம், வீட்டு ஆண்களும் தலையாட்டிவிட்டார்களாம். இரண்டு வருஷம் கழித்து அக்காவை மலைமேலேயே பைல் நாட்டுப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தோம்.

ஆனால் அந்த அம்மாளின் ஊரிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். வயிற்றுப்பிள்ளையோடு ஒருத்தி, கண் தெரியாத ஒரு பாட்டி, பிரார்த்தனைக்காக ஒரு புதுப்பெண். எல்லோரும் மற்ற டோலிக்காரர்களைத் தாண்டிக்கொண்டு நேரே எங்களிடம் வந்து, இன்னார் அனுப்பினார், உங்களிடம் மட்டும்தான் ஏறச் சொன்னார் என்றார்கள். அம்மா அவர்களிடம் வேறெதுவும் கேட்க மாட்டாள்.

“அந்த அம்மாளுக்குக் கால் இப்ப எப்படி இருக்குதுங்க?” என்பாள். பதிலைக் கேட்டுக்கொண்டு மூங்கிலுக்கு அடியில் குனிவாள்.

எனக்கு ஆத்திரமாக வரும். எங்கள் பெண்ணை வேண்டாம் என்றவர், எங்கள் தோளுக்கு மட்டும் ஆள் அனுப்புகிறாரே. எங்களைச் சுமைகாரர்களாகவே வைத்திருக்கப் பார்க்கிறார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளுக்குத் தன் வீட்டில் எதைத் தீர்மானிக்க இடம் இருந்தது, எதற்கு இல்லை என்று யோசித்துப் பார்க்கும் வயது அப்போது எனக்கு இல்லை.