கண்ணாடிக்கு வைத்த சந்தனப் பொட்டு

சுலோஜனா அக்காவுக்குச் சாமி மீது எவ்வளவு பக்தியோ, அவ்வளவு பக்தி கருவிகள் மீதும். வாழைச்சேனையிலிருந்து விடிய பஸ் பிடித்து வந்து எங்கள் பல்கலைக்கழக லேசர் ஆய்வுகூடத்தைத் திறப்பது அவர்தான். பதினொரு வருடமாகத் தற்காலிக உதவியாளர். நிரந்தரமாக்க வேண்டுமென்றால் துறைத்தலைவர் உசனார் சேர் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த வாரம் போடுவதாகச் சொல்லியிருந்தார். கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துச் சரஸ்வதி பூசை செய்யும் வாணி விழாவும் அந்த வாரம்தான் வந்து தொலைத்தது.

விழா முடிந்த மறுநாள் காலை உள்ளே போனேன். மின்வழங்கியில் சந்தனப் பொட்டு, கணினியில் பொட்டு, மேசையில் பொட்டு. நான் அங்கே ஆய்வு செய்யும் ஏறாவூர் முஸ்லிம் பெண், என்றாலும் வருடாவருடம் பார்ப்பதுதான், அவல் கடலையில் என் பங்கையும் விட்டதில்லை. ஆனால் இம்முறை லேசர்க் கதிரைத் திருப்பிவிடும் கண்ணாடியின் நட்ட நடுவிலும் ஒரு பொட்டு காய்ந்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

எங்கள் லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, ஒரு சிறு படிகப் பளிங்குக்குள் புகுந்து பச்சை ஒளியாக வெளிவரும். மெல்லிய ஒளிக்குப் பளிங்கு மசியாது. பலமாக அடித்தால்தான் நிறத்தை மாற்றிக் கொடுக்கும். அப்படி அடிக்கும்போது கண்ணாடியில் தூசு இருந்தாலே எரிந்து மேற்பூச்சு போய்விடும். சந்தனமென்றால் கேட்கவே வேண்டாம். எங்களிடம் வேறு கண்ணாடியும் இல்லை.

“உங்களுக்கு என்ன விசராக்கா? கண்ணாடியிலயா பொட்டு வைக்கிற?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு அதுக்கு மட்டும் வைக்காம விட மனம் கேக்கல்லகா. பாவம், அந்த அடியெல்லாம் தாங்குறது அதுதானே.”

“சேர் பத்து மணிக்கு வாறார்.”

“தெரியும். கண்டாரெண்டா என்ர வேலை போச்சு.”

கத்தியதற்கு எனக்கு வெட்கமாகிவிட்டது. அக்கா கையுறை போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். காய்ச்சி வடித்த நீரை ஒரு சொட்டு விட்டுப் பொட்டை ஊறவைத்தார். பிறகு இந்தக் கண்ணாடிக்கென்றே வைத்திருக்கும் மெல்லிய துடைதாளை அசிற்றோன் திரவத்தில் நனைத்து, கண்ணாடியின் மேல் ஒரே இழுவை. தாளை எறிந்துவிட்டுப் புதுத்தாள். அழுத்தித் தேய்த்தால் கீறிவிடும். முப்பத்தொரு தாள் போயிற்று.

பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து குறைந்த வலுவில் தொடங்கினோம். மெல்ல மெல்லக் கூட்டினேன். முழு வலுவிலும் கண்ணாடி தாங்கியது. அளவுமானி பழைய கணக்கையே காட்டியது. கமராத் திரையில் பச்சை வட்டம் சுத்தமாக விழுந்தது. அக்கா அங்கேயே அழுதுவிட்டார்.

மற்றப் பொட்டுகளைத் துடைக்க நேரமில்லை. சேர் வந்துவிட்டார். இந்த மேசையில் ஒரு பேனையை வைத்தாலே ஏசுகிற மனிதர்.

“இதெல்லாம் ஆர் வெச்ச?”

அக்கா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “நான்தான் சேர்.”

அவர் என் தலைத்துணியைப் பார்த்தார். “எப்ப இருந்து புள்ள?”

“நேத்திலயிருந்து சேர்.”

சேர் திரையில் பச்சை வட்டத்தைப் பார்த்தார். குப்பைக்கூடையில் சந்தனம் படிந்து கிடந்த துடைதாள்களையும் குனிந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கையெழுத்திட்டு அக்காவிடம் கொடுத்தார்.

வாசலில் நின்று என் பக்கம் திரும்பினார். “ஷாகிரா, அடுத்த வருசம் வைக்கக்குள்ள கண்ணாடிய மட்டும் விட்டுட்டு வைங்க.”

கண்ணாடியைப் பற்றி நாங்கள் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.