தாமரை பெயரில் ஒரு மின்சாரக் கார்

தாமரை தன் சம்பளத்தில் வாங்கிய முதல் காரில் தாமரையின் பெயர் கிடையாது.

அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. அம்மா இராஜம்மாவும் அண்ணன் பரமேஸ்வரனும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். மாதத் தவணை தாமரை கட்டுவாள். காரின் உரிமைப் பத்திரமான கிராண்ட் அண்ணன் பெயரில் இருக்கும். "பொம்பளப் புள்ள, நாளைக்கி இன்னொரு வீட்டுக்குப் போறவ. அவ பேருல காடி எதுக்கு?" என்றாள் இராஜம்மா. கோவில் வாசலில் வெள்ளை மைவி காரை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஐயர் "யார் பேருக்கு அர்ச்சனை?" என்று கேட்டார். "பரமேஸ்வரன், பூரட்டாதி, கும்பம்" என்று அண்ணன் முந்திக்கொண்டான். பழத்தை நசுக்கி வண்டியை எடுத்தவனும் அவன்தான். தாமரை பின் சீட்டில், தேங்காய்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தாமரை இன்னொரு வீட்டுக்குப் போகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் வேலையை விடச் சொன்னார்கள். அவள் அவர்களை விட்டாள். ஏழு வருடத் தவணை முடிந்த மறுமாதம், வேலை முடிந்து தன் சின்ன கப்சாய் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பியவள், வாசலில் ஒரு பிக்கப் வண்டி நிற்பதைப் பார்த்தாள். மைவியை விற்றுத் தள்ளிவிட்டு அண்ணன் அதை எடுத்து வந்திருந்தான்.

"என் பேருல இருந்த காடிதானே?" என்றான்.

அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

மலேசியாவில், போர்ட் கிள்ளானின் துறைமுகச் சாலையை ஒட்டிய கிடங்கு ஒன்றில் அவளுக்கு வேலை. சேர்ந்தபோது பெட்டிக்கு லேபல் ஒட்டுகிறவள். மதியம் டிரைவர்கள் சிகரெட் பிடிக்கப் போகிற நேரத்தில் காலியாக நிற்கும் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்டில் ஏறிப் பழகினாள். மூன்றாம் மாதம் மாட்டிக்கொண்டாள். வாய் வலிக்கத் திட்டிய சூப்பர்வைசரே, அவள் சரக்கு அடுக்கிய ஒரு பேலட்டை அலுங்காமல் தூக்கி மேல் தட்டில் வைத்ததைப் பார்த்துவிட்டு லைசன்ஸ் பரீட்சைக்கு அனுப்பினார். அந்தக் கிடங்கில் அத்தனையும் பேட்டரி வண்டிகள். எப்போது சார்ஜில் போட வேண்டும், எவ்வளவு இறங்கினால் வண்டி சோர்ந்துபோகும், மழைநாளில் எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் பதினான்கு வருடத்தில் அவள் கைக்கே தெரிந்துவிட்டது.

ஓவர்டைம் சேர்ந்து சம்பளம் ஏறியபோது வருமான வரியும் வந்தது. மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். தாமரை அலுத்துக்கொள்ளவில்லை. முதல் வருடம் ஒருவரிடம் காசு கொடுத்து வரிப் படிவத்தை, அவர்கள் சொல்கிற பாரத்தை, நிரப்பினாள். அவர் எங்கெங்கே விரலை வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டாள். அடுத்த வருடத்திலிருந்து தானே. ஒவ்வொரு வரிக் கழிவையும், அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் வரி விடாமல் படிப்பாள். அரசாங்கம் தன்னிடம் பேசுகிற ஒரே இடம் அது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அந்தப் பாரத்தில் அண்ணன் பெயருக்கு இடம் கிடையாது.

இரண்டாயிரத்து இருபத்தைந்து நவம்பரில், அறுபதாயிரத்துச் சொச்சம் ரிங்கிட் வெள்ளிக்கு ஒரு சின்ன மின்சாரக் கார் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, கிள்ளானில் ஒரு ஷோரூமுக்குப் போனாள். கிடங்குச் சட்டை, இரும்பு முனை வைத்த பூட்ஸ்.

"ஹஸ்பண்ட் வரலையா அக்கா?" என்றான் விற்பனையாளன் சதீஷ்குமார்.

"நீ விக்கிறது காடியா, கல்யாணமா?"

பையன் சிரித்துச் சமாளித்தான். "இல்லக்கா, பேட்டரி காடின்னா லேடிசுக்குக் கொஞ்சம் பயமா இருக்கும். பழகிட்டா ஈசி லா."

"தம்பி, பதினாலு வருசமா பேட்டரி வண்டிதான் ஓட்டுறேன். ரெண்டு டன் தூக்கும். உன் காடி எவ்ளோ தூக்கும்?"

அதற்குப் பிறகு அவன் மரியாதையாகப் பேசினான். வெளிநாட்டிலிருந்து முழுசாக வருகிற மின்சாரக் கார்களுக்கான வரி விலக்கு டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது. ரோட் டேக்ஸ் விலக்கும் அப்படித்தான். அந்தத் தேதிக்குள் பெயர் பதிந்தால்தான் இந்த விலை, அதற்குமேல் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றான். பிறகு குரலை இறக்கி, "வீட்டுல சார்ஜர் போட்டீங்கன்னா அரசாங்கம் ரெண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி திருப்பிக் குடுத்துரும்" என்றான்.

"குடுக்காது."

"குடுக்கும்க்கா, நான் எல்லாக் கஸ்டமர்கிட்டயும் சொல்றேனே."

"சொல்றதெல்லாம் தப்பு. அது கழிவு. வரி போடுற வருமானத்துலேருந்து அவ்ளோ வரைக்கும் கழிச்சிக்கலாம். எனக்கு மேல்படியில ஆறு பர்சன்ட் வரி. கணக்குப் பாரு, கையில நிக்கிறது நூத்தம்பது வெள்ளி."

"நூத்தம்பதுதானா?" பையனுக்கே ஏமாற்றமாகப் போயிற்று.

"நூத்தம்பதுதான். ஆனா அது என் நூத்தம்பது. ரசீது என் பேருல இருந்தாதான் வரும். அதனால கிராண்ட், லோன், ரசீது எல்லாம் தாமரைங்கிற பேருல வரணும். ஒரு எழுத்து மாறக்கூடாது."

கடனுக்குப் பேங்க் ஜாமீன் கேட்கலாம், அண்ணன் தம்பி யாராவது இருந்தால் நல்லது என்று அவன் இழுத்தான். தாமரை பிளாஸ்டிக் கோப்பை மேசைமேல் வைத்தாள். சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, மூன்று வருட வரிப் பாரம், கட்டிய ரசீது. பத்தே நாளில், ஜாமீன் இல்லாமல் கடன் கிடைத்தது.

கடன் சுலபமாகக் கிடைத்துவிட்டது. சிக்கல் வீட்டுச் சுவரில் வந்து நின்றது.

சார்ஜர் மாட்டுகிறவர்கள் வீட்டுக்காரரின் கையெழுத்து கேட்டார்கள். தாமான் செந்தோசா குடியிருப்பில் அவர்கள் இருந்த வீடு, அப்பா இறந்த பிறகு பரமேஸ்வரன் பெயருக்கு மாறியிருந்தது. மின்சார மீட்டரும் அவன் பெயரில். நாற்பதடி கண்டெய்னர் இழுக்கிற லோரி ஓட்டுகிறவன் அவன். டீசல் குடிக்காத வண்டியை அவன் வண்டியாகவே மதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாற உட்கார்ந்தபோது தாமரை பாரத்தை நீட்டினாள்.

"இதென்ன, போனுக்குச் சார்ஜ் போடற மாதிரி காடிக்குச் சார்ஜா?" என்று சிரித்தான். "வெள்ளம் வந்தா என்ன பண்ணுவ? காடியோட சேந்து நீயும் வறுபட்டுப் போவ."

"போன வெள்ளத்துல உன் பிக்கப் ரெண்டு நாள் முங்கிக் கெடந்துச்சே, அது நீந்துச்சா?"

இராஜம்மா தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். பரமேஸ்வரன் பாரத்தைத் திருப்பி வைத்தான். "சரி, கையெழுத்துப் போடறேன். காடிய என் பேருல எடு. சுவரு என்னுது, மீட்டரு என்னுது, காடி மட்டும் எப்படி உன்னுதாவும்?"

"காசு என்னுது."

"மைவிக்கும் உன் காசுதான். அப்ப ஒண்ணும் பேசலையே?"

"அப்பப் பேசாததுக்குத்தான் இப்பப் பேசுறேன்."

"அப்ப என் மீட்டர்ல ஒரு ஒயர் சொருவக்கூடாது. சாதாப் பிளக்குல கூட." அவன் கை கழுவ எழுந்தான். "டிசம்பர் முப்பத்தொண்ணுதானே? அதுக்குள்ள நீயே வந்து, காடிய உன் பேருலயே எழுதிக்கண்ணேன்னு சொல்லுவ."

"ஆம்பளப் புள்ள பேருல இருந்தா என்னடி இப்ப?" என்றாள் இராஜம்மா.

"இருந்துச்சேம்மா. என்ன ஆச்சுன்னு பார்த்தல்ல?"

நாட்கள் போயின. சார்ஜ் போட இடமில்லாமல் காரை எடுத்து எங்கே வைப்பது? அண்ணன் பெயரில் எழுதினால் நாளையே கார் வாசலுக்கு வரும். அவன் ஒருநாள் அதையும் கொடுத்துவிட்டு வேறொன்றை ஓட்டி வருவான். எழுதாவிட்டால் கப்சாய் மோட்டார்தான், மழையும் லோரி தெறிக்கிற சேறும்தான். தேதி டிசம்பர் பன்னிரண்டு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தாமரை போனில் அந்தக் கழிவைப் பற்றிய வாசகத்தை மறுபடி திறந்தாள். சார்ஜர் வாங்குவது, மாட்டுவது, வாடகைக்கு எடுப்பது. அதோடு, சார்ஜ் வசதிக்குக் கட்டுகிற சந்தா. சந்தா! அரசாங்கமே சுவர் வேண்டும் என்று சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கிடங்கின் முன்பக்கம், ஆபீஸ் கார்கள் நிற்கிற கூரையின் கீழ், வெளிக் கம்பெனி ஒன்று வைத்துவிட்டுப் போன இரண்டு சார்ஜர் கம்பங்கள். அவற்றில் ஒன்று எப்போதும் சும்மாதான் நின்றது.

பூட்ஸோடு நேராக நிர்வாக அதிகாரி லோகன் அறைக்குப் போனாள்.

"அது ஆபீஸ் ஸ்டாஃபுக்கு, தாமரை" என்றார் லோகன், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கம்பத்துல ஒட்டியிருக்கிற நோட்டீஸ்ல ஸ்டாஃபுன்னு மட்டும்தான் சார் இருக்கு. ஆபீஸுன்னு இல்ல. நான் ஸ்டாஃபா, சாமானா?"

"அப்படிச் சொல்லல லா. இதுவரைக்கும் கிடங்கு ஆளுங்க யாரும் கேட்டதில்ல."

"இப்பக் கேக்கறேன். மாசச் சந்தா நான் கட்டுறேன், ரசீது என் பேருல வரணும். முடியாதுன்னா அதையும் எழுதிக் குடுங்க சார், நோட்டீஸ் பக்கத்துலயே ஒட்டிடறேன்."

லோகன் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அந்தக் கிடங்கில் ஒரு பெட்டியைக்கூட உடைக்காமல் பதினான்கு வருடம் ஓட்டியவள் அவள் ஒருத்திதான் என்பது அவருக்கும் தெரியும். பாரத்தை எடுத்து நீட்டினார். "பேரு எழுதும்மா."

அவள் பெரிய எழுத்தில் எழுதினாள்.

அன்று சாயங்காலம் பரமேஸ்வரன் பிக்கப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். தாமரை சார்ஜர் பாரத்தை நாலாக மடித்து வண்டியின் முன்பக்கம் வைத்தாள்.

"கையெழுத்துப் போடவா?" என்றான், வெற்றியோடு.

"வேணாண்ணே. உன் சுவரு உன்கிட்டயே இருக்கட்டும். நான் வேலையிடத்துல சார்ஜ் போட்டுக்கறேன். எட்டு மணி நேரம் நான் அங்கதான் இருக்கேன், காடியும் இருக்கும்."

"எவன் விட்டான்?"

"எவனும் விடல. நான் கேட்டேன்." வாசல்படி ஏறியவள் திரும்பினாள். "அப்புறம், உன் பேருல எடுத்திருந்தா அந்தக் கழிவ யாரு கேக்கறது? வரிப் பாரமே நெறப்பாத ஆளு நீ."

குழாய்த் தண்ணீர் தன் பாட்டுக்குத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி கிராண்ட் வந்தது. பெயர்: தாமரை. சதீஷ்குமார் சாவியைக் கொடுக்கும்போது, "நீங்க சொன்ன மாதிரிதான்க்கா இப்ப எல்லாருக்கும் சொல்றேன், நூத்தம்பது கதை" என்றான். "சொல்லு. ஆனா எல்லாருக்கும் நூத்தம்பது இல்ல, அவங்கவங்க வருமானத்தப் பாத்துச் சொல்லு" என்றாள் அவள்.

புதுவருட முதல் வெள்ளி. அதே கோவில் வாசல். இராஜம்மா வந்தாள், அவள் வற்புறுத்தியதால் பரமேஸ்வரனும் வந்தான். ஐயர் நாலு பழத்தையும் வைத்துவிட்டு, பழக்கத்தில் பரமேஸ்வரனைப் பார்த்து, "யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார்.

"பர..." என்று அவன் வாயெடுத்தான்.

"தாமரை, அனுஷம், விருச்சிகம்" என்றாள் அவள், தெருவுக்கே கேட்கிற குரலில். "காடி என் பேருல இருக்கு சாமி."

தீபாராதனை முடிந்தது. பரமேஸ்வரனின் கை சாவிக்காகத் தானாக நீண்டது. தாமரை அதில் தேங்காய்த் தட்டை வைத்தாள்.

"பின்னால உக்காருண்ணே. பெல்ட் போட்டுக்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். இராஜம்மா முன்சீட்டுக் கதவைத் திறந்து தான் ஏறிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அவன் பின்னால் ஏறி, தட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஸ்டார்ட் ஆயிடுச்சா? சத்தமே காணோமே" என்றான்.

தாமரை ஆக்சிலரேட்டரில் கால் வைத்தாள். காலை மெல்ல அழுத்தினாள். இரைச்சல் இல்லாத அந்த வண்டிக்கு அடியில், நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கி வெடித்த சத்தம் கார் உள்ளே இருந்த மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது.